நீரளவு நிலையமில்லாத ஓடைகளில் வெள்ளத்தைக் கணித்தல்

திருத்தணிக்கு மேற்கே அம்மையார்குப்பத்தை அடுத்த குன்றுகளினின்று இறங்கும் சிற்றோடைகள், பெருமழையில் சில நாழிகை பெருகிப் பின் வெறும் மணலாய்க் கிடப்பவை. இத்தகைய ஓடைகளில் நீரளவு நிலையம் அமைவது அரிது. ஆயினும் ஏரிக்குக் கலங்கல் கட்டுமுன், வரக்கூடிய வெள்ளத்தை ஏதேனுமொரு வகையில் நிர்ணயித்தே தீரவேண்டும்.

இதன்பொருட்டுச் சென்னை ராஜதானியில் 1884-ஆம் ஆண்டில் ரைவ்ஸ் என்பார் ஒரு சூத்திரம் வகுத்தார். நீர்ப்பிடிப்பின் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் கொண்டு, அதன் கனமூலத்தை வர்க்கித்து, ஒரு குணகத்தால் பெருக்கினால், வினாடிக்கு இத்தனை கனமீட்டர் என வெள்ளம் தெரியவரும். அக்குணகம் கீழைக் கடற்கரையினின்று 80 கிலோமீட்டருக்குள் 6.8, அதற்கப்பால் 160 வரை 8.5, மலையை அடுத்த சிறு பரப்புகளுக்கு 10.2.

அம்மையார்குப்பம் தூரத்தால் இரண்டாம் வகுப்பைச் சேரும். குன்றோரமாதலின் மூன்றாவதும் பொருந்தக்கூடும். இவ்வையம் சிறிதன்று. நீர்ப்பிடிப்பு 8 சதுர கிலோமீட்டராயின் கனமூலம் 2, அதன் வர்க்கம் 4. ஆகவே முதற் குணகத்தால் சுமார் 27 கனமீட்டரும், இரண்டாவதால் 34-ம், மூன்றாவதால் 41-ம் வரும். கலங்கலின்மேல் 1 மீட்டர் உயரம் நீர் வழிந்தால், அதன் நீளத்தில் மீட்டருக்கு ஏறக்குறைய 1.7 கனமீட்டர் கழியும். அதாவது முறையே 16, 20, 24 மீட்டர் நீளம் வேண்டும். 16 மீட்டரோடு நிறுத்திச் சிக்கனம் செய்த ஊரில் 41 கனமீட்டர் வந்துவிட்டால், மிகுதி நீர் கரையின்மேல் ஏறும்; மண்கரை அதனைத் தாங்காது.

அளவுள்ள அண்டை ஆற்றின் குணகத்தை இரவல் பெறுதலும் ஒரு வழியே. சர்வதேச நீரியல் அறிவியல் சங்கம் 2003 முதல் 2012 வரை ஒரு தசாப்தத்தையே இவ்வாராய்ச்சிக்கு ஒதுக்கியது. எங்கும் பொருந்தும் ஒரே முறை கிட்டவில்லை. அருகிலிருப்பது மட்டும் போதாது. சரிவு, மண், மேலுள்ள ஏரிகளின் தொகை ஆகியனவும் ஒத்திருக்க வேண்டும்.

எனவே ஊரார் குறிக்கும் அளவே பெருமதிப்புடையது. 20 மீட்டர் கலங்கலில் 60 சென்டிமீட்டர் உயரம் வழிந்தால், கழிந்தது சுமார் 16 கனமீட்டர். ஏரி ஒரு பங்கைத் தேக்கிக்கொள்வதால், ஓடையில் வந்த உச்ச வெள்ளம் இதனினும் மிகுதி. மேலேரி உடைந்து வந்த வெள்ளத்தைத் தனியே குறித்தல் அவசியம். அதனை மழையின் கணக்கில் சேர்த்தல் தவறு. தேதி, மணி, வழிந்த உயரம், அன்று திருத்தணி மழைமானி காட்டிய அளவு ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலர் ஒரு புத்தகத்தில் எழுதி வருதல் நலம். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் பெரியவை நீர்வளத்துறையினிடத்தும் இருத்தலால், அதன் நகலை உரிய அலுவலகத்தில் சேர்ப்பிக்கலாம்.