ஓடும் வானும் ஓடாத கணக்கும்

இறக்காமத்தில் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வான்களில் அரிசி மூடை ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். அம்பாறை மாவட்டம் இலங்கையின் நெற்களஞ்சியங்களுள் ஒன்று. ஆனால் விளைந்ததை வாங்குபவர் வாசலில் கொண்டுபோய் இறக்குவது யார்? பெரிய ஆலைகளுக்கு லொறிகள் உண்டு. சிறு ஆலைக்காரருக்கும் சிறு வியாபாரிக்கும் கைகொடுப்பவை டீசல் வான்களே. 'டொல்பின்' என்று நம்மவர்கள் பெயர் சூட்டிய டொயோட்டா ஹைஏஸ் வான்கள் அவற்றுள் முக்கியமானவை. போகும்போது அரிசி, வரும்போது புறக்கோட்டையிலிருந்து கடைச் சாமான். ஒரு வானை நம்பிச் சாரதி, உதவியாள், கடைக்காரர் எனப் பல குடும்பங்கள் வாழ்கின்றன.

அப்படியிருந்தும் பத்து ஆண்டுகள் வான் ஓட்டியவரிடம் பத்து ஆண்டு உழைப்பு மிஞ்சுவதில்லையே, ஏன்? தேநீர்க் கடையொன்றில் வான் உரிமையாளர் ஒருவரிடம் இதைக் கேட்டோம். "என்ன பாதர் செய்ற? ஓடினாத்தான் வருமானம். நின்டாலும் செலவு நிக்காது" என்றார் அந்தக் காக்கா. இந்த ஒரு வரிக்குள் முழுப் பிரச்சினையும் அடங்கியிருக்கிறது.

டீசல் மட்டுமா செலவு?

பெரும்பாலானோர் கூலியிலிருந்து டீசலையும் சாப்பாட்டுச் செலவையும் கழித்துவிட்டு, மீதியை இலாபம் என்று எண்ணுகிறார்கள். அது சரியன்று. வான் ஒவ்வொரு கிலோமீற்றரிலும் தேய்கிறது. உதாரணத்துக்கு, நான்கு ரயர்களின் விலை 1,60,000 ரூபா என்றும் அவை 40,000 கிலோமீற்றர் ஓடும் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் ரயருக்கு மட்டும் கிலோமீற்றருக்கு 4 ரூபா. அம்பாறை, மகாஓயா, மகியங்கனை, கண்டி வழியாகக் கொழும்பு போய்த் திரும்ப 600 கிலோமீற்றருக்கு மேலாகிறது. ஆக, ஒரு பயணத்தில் ஏறத்தாழ 2,400 ரூபா ரயரோடு போய்விட்டது. அன்று அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஈராண்டு கழித்துக் கடன் வாங்கி ரயர் போடும்போதுதான் தெரிகிறது.

எண்ணெய் மாற்றம், பிரேக், காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவையும் இவ்வாறே. இவற்றுக்கு ஒதுக்காத பணத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்பவர், தமது வானையே சிறிது சிறிதாக விற்றுச் சாப்பிடுகிறார்.

நாம் கற்ற பாடம்

இதை எழுதும் நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். எங்கள் நிலையத்தின் வானில் இருந்தது பழைய 2.8 லீற்றர் டீசல் எஞ்சின். அவ்வகை எஞ்சினில் டைமிங் பெல்ட்டை 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று நாமே தள்ளிப்போட்டோம். பெரும்போகத்துக்கு விதைநெல் ஏற்றச் சென்ற வழியில் பெல்ட் அறுந்தது. வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்தன. வான் வாரக்கணக்கில் கராஜில் கிடந்தது. பணம் போனதைவிட, முதல் மழைக்கு விதை கிடைக்காமல் காத்திருந்த விவசாயிகளின் முகத்தைப் பார்ப்பதே கடினமாக இருந்தது. ஒரு பெல்ட்டின் விலையை மிச்சம் பிடித்து, பிறருடைய போகத்தை நாம் பிந்தச் செய்தோம்.

சுமையும் தூக்கமும்

இவ்வகை வான்கள் ஒரு தொன் முதல் ஒன்றேகால் தொன் வரை சுமப்பதற்கென்று செய்யப்பட்டவை. அதாவது 50 கிலோ மூடைகள் இருபது முதல் இருபத்தைந்து. நாற்பது ஏற்றினால் கூலி கூடும்; வில்லும் பிரேக்கும் கூடவே தேயும். மகியங்கனை வீதியின் 'பதினெட்டு வளைவு' இறக்கத்தில் இந்தக் கணக்கு உயிரோடு தொடர்புடையதாகிவிடும். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணிச் சிலர் நியூட்ரலில் விட்டு இறங்குகிறார்கள். உண்மையில், கியரில் இருந்தபடி அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினே வானை இழுத்துப் பிடிக்கும்; அப்போது டீசல் அநேகமாகச் செலவாவதில்லை. நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து, அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இரவு முழுதும் விழித்திருந்த சாரதிக்கு அந்த நேரத்தில் இரண்டாம் வாய்ப்புக் கிடைக்காது.

2022 காட்டிய உண்மை

கையிருப்பு இல்லாதவர் எவ்வளவு எளிதில் விழுவார் என்பதை 2022 காட்டியது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஓட்டோ டீசல், ஜூன் 26இல் 460 ரூபாவானது. லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் என்று கொண்டால், கொழும்புப் பயணத்துக்கு வேண்டிய 60 லீற்றரின் விலை 7,260 ரூபாவிலிருந்து 27,600 ரூபாவாக ஏறியது. பின்னர் வந்த கியூஆர் அட்டை முறையில் வானுக்குத் தொடக்கத்தில் வாரத்துக்கு 20 லீற்றர். அதைக் கொண்டு 200 கிலோமீற்றர் ஓடலாம். கொழும்புக்கு ஒருவழி போகவும் போதாது. வான் வாசலில் நின்றது. மாதத் தவணை மட்டும் நிற்கவில்லை.

வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் சகோதரர்கள் இஜாரா முறையில் வான் எடுக்கிறார்கள். மற்றோர் லீசிங்கில் எடுக்கிறார்கள். எதுவாயினும் கடைசித் தவணை முடியும்வரை வானின் முழு உரிமை நிறுவனத்திடமே இருக்கிறது. எனவே மூன்று மாதத் தவணையைக் கையில் வைக்காமல் வான் எடுப்பது ஆபத்தானது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, பழைய வான்களின் விலையும் ஏறியது; 2025இல்தான் அத்தடை தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கூடிய விலைக்கு எடுத்தவர்களுக்குச் சுமை இன்னும் அதிகம்.

செய்யக்கூடியவை

முதலாவது, ஒரு கொப்பி. கிலோமீற்றர், வரவு, செலவு, ஒதுக்கீடு என நான்கு நிரல் போதும். இரண்டாவது, ஒதுக்கீட்டை வீட்டுப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் போடுதல். மூன்றாவது, திரும்பும் சுமை. ஊர் வான்காரர்கள் ஐந்தாறு பேர் ஒன்றுகூடி, யார் எப்போது எங்கே போகிறார் என்று பேசி வைத்தால், வெறுமனே திரும்பும் பயணங்கள் குறையும். சாரதியும் ஓய்வெடுக்கலாம்.

அண்மையில் அந்தக் காக்காவை மீண்டும் சந்தித்தோம். இருக்கைக்கு அடியிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு கொப்பியை எடுத்துக் காட்டினார். கணக்கு எழுதுவது அவருடைய மகள், பாடசாலை மாணவி. "இந்த மாசம் ரயர் காசு எடுத்து வெச்சாச்சு பாதர். மகள் அதத் தொட உடமாட்டா" என்றார் சிரித்தபடி.