கடனைச் சாட்சிக்கு அழைத்தவர்

பொது வாழ்வில் இருப்பவர்மீது பண விஷயமாக அபவாதம் எழுந்தால் சொந்தக் கணக்கை மூடி மறைப்பதே அநேகரின் வழக்கமாயிருக்க, 1952-ஆம் வருஷம் செப்டம்பர் 23-ஆம் தேதி இரவு, அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் உப ஜனாதிபதி அபேட்சகரான ரிச்சர்ட் நிக்ஸன், ஹாலிவுட்டின் எல் காபிடன் நாடக அரங்கில் மேஜை முன் அமர்ந்து, தம் கடன்களை ஒவ்வொன்றாகத் தொலைக்காட்சியில் எண்ணிச் சொன்னார்.

வந்த வினை இதுதான்: செனட்டரான அவருடைய அரசியல் செலவுகளுக்கென்று கலிபோர்னியாவின் தனவந்தர்கள் 18,235 டாலர் திரட்டியிருந்ததை ‘நியூயார்க் போஸ்ட்’ பத்திரிகை ஐந்து நாள் முன்னர் அம்பலமாக்கிற்று. ஊழலை ஒழிப்போம் என்று முழங்கிவந்த கட்சிக்கு அது தர்மசங்கடமாயிற்று. ஜனாதிபதி அபேட்சகர் ஐஸன்ஹோவரோ அவரைக் கைவிடவுமில்லை, கைதூக்கிவிடவுமில்லை.

நிதியில் ஒரு காசும் சொந்த உபயோகத்துக்குப் போகவில்லை, கொடுத்தவர் எவரும் பிரதியுபகாரம் பெறவில்லை என்று சொல்லிவிட்டு, நிக்ஸன் வீட்டுக் கணக்கைத் திறந்தார். வாஷிங்டனில் 41,000 டாலர் வீட்டின்மேல் 20,000 பாக்கி; பாங்கில் நாலரை வட்டிக்கு 4,500; பெற்றோரிடம் வாங்கியது 3,500. மனைவிக்கு விலையுயர்ந்த ரோமக் கோட்டு இல்லை, சாதாரணத் துணிக் கோட்டுத்தான். டெக்ஸஸ்காரர் ஒருவர் குழந்தைகளுக்கு அனுப்பிய ‘செக்கர்ஸ்’ என்ற நாய்க்குட்டியை மட்டும், யார் என்ன சொன்னாலும் திருப்பித் தருவதற்கில்லை என்றார்.

ஆதரவுத் தந்திகள் வந்து குவிந்தன. மறுநாளே ஐஸன்ஹோவர் அவரை மனமார ஏற்றார். ஏன் பலித்தது? வீட்டுக்கும் காருக்கும் மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்த குடும்பஸ்தர்கள், அந்தப் பாக்கிப் பட்டியலில் தங்கள் முகத்தையே கண்டார்கள். ஆனால் கேட்கப்பட்ட கேள்வி, கொடுத்தவர் எதை எதிர்பார்த்துக் கொடுத்தார் என்பது; அதற்குச் சுருக்கமாகப் பதில் சொன்னவர், தம்மிடம் எவ்வளவு இல்லை என்பதையே விஸ்தாரமாகச் சொன்னார். இல்லாமை நாணயத்துக்கு அத்தாட்சி ஆகாது. பிறர் தயவுக்கு எளிதில் கட்டுப்படுபவன் கடன்பட்டவன்தான் என்ற நியாயத்தை அன்றிரவு எவரும் நினைக்கவில்லை.

இருபத்தோரு வருஷங்களுக்குப் பின், ஜனாதிபதியாயிருந்தபோது, 1970-க்கு அவர் செலுத்திய வருமான வரி 792 டாலர் சொச்சமே என்பது வெளியாயிற்று. 1973 நவம்பரில் பத்திரிகாசிரியர்கள் முன்னிலையில் தாம் மோசடிக்காரரல்லர் என்று சாதித்தார். ஆயின் இம்முறை கூட்டல் போட்டவர்கள் காங்கிரஸின் வரிக் குழு அதிகாரிகள். அவர்கள் கண்ட பாக்கி நாலு லட்சம் டாலருக்கு மேல். அது அவர் தாமாக எண்ணிச் சொல்லாத கடன்.