பக்கம் கொள்ளும் திரை

ஏ4 தாளை மூலைக்கு மூலை அளந்தால் 14.3 அங்குலம் வரும். கிண்டில் போன்ற சாதாரண மின்னூல் வாசிப்பானின் திரையை அதேபோல அளந்தால் 6 அங்குலம். ஏ4 அளவில் அச்சுக்கோத்த ஒரு பக்கத்தை அந்தச் சின்னத் திரையில் திறக்கும்போது 210 மில்லிமீட்டர் அகலம் சுமார் 90 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. 12 புள்ளி அளவில் இருந்த எழுத்து 5 புள்ளியாகிவிடுகிறது. ஆங்கில எழுத்துகூட இந்த அளவில் கண்ணை வருத்தும். தமிழுக்கோ இன்னும் கஷ்டம். நம் எழுத்தில் ண, ன இரண்டையும் பிரிப்பது ஒரே ஒரு சுழிதான். மெய்யெழுத்தைக் காட்டிக்கொடுப்பது தலைமேல் உள்ள ஒரு புள்ளி. 5 புள்ளி அளவில் சுழி அடைபட்டுப்போகும், மேற்புள்ளி மறைந்தே போகும்.

அதே பக்கம் 10.3 அங்குலத் திரையில் 9 புள்ளி எழுத்தாகத் தெரியும். 13.3 அங்குலத் திரையில் பதினொன்றரைப் புள்ளி, அதாவது கிட்டத்தட்ட அச்சில் இருந்த அளவே. பக்கத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டிக் காட்டும் வசதி பெரும்பாலான கருவிகளில் இருப்பதால், நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே கிடைக்கும். பெரிய திரைக் கருவி வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டிய கணக்கு இதுதான்.

எல்லா நூலுக்கும் இந்தக் கணக்கு தேவைப்படாது. இபப் (EPUB) போன்ற கோப்புகளில் எழுத்து, தண்ணீரைப் போல, கொள்கலத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடிந்து அடுத்த பக்கத்துக்கு நகரும். நாவலோ சிறுகதைத் தொகுப்போ அப்படி வந்தால் 6 அங்குலமே தாராளம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்திலிருந்து பாரதி வரை தட்டச்சு செய்து தந்திருக்கும் நூல்களையும் அப்படிப் படிக்கலாம். பி.டி.எஃப். கோப்பு அப்படி இளகாது. 1993இல் அடோபி நிறுவனம் அதை உருவாக்கியதே, எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் எடுத்தாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பதற்காக. கணிதச் சமன்பாடு, அட்டவணை, வரைபடம், இரு பத்தியாக அமைந்த ஆய்வுக்கட்டுரை, இசைக்குறிப்பு ஆகியவற்றுக்கு அந்தப் பிடிவாதம் வேண்டும். வரியை மடித்தால் அவற்றின் பொருளே குலைந்துவிடும்.

தமிழ் வாசகருக்கு இங்கே கூடுதலாக ஒரு காரணம் உண்டு. மறுபதிப்புக் காணாத நம் பழைய நூல்களில் பெரும்பகுதி இன்று பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்த படங்களாகவே கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து வெளியீடுகளைத் திரட்டிவரும் நூலகம் திட்டம், இன்டர்நெட் ஆர்கைவ் என்று எங்கே தேடினாலும் கையில் வருவது படம்தான். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பத்தி பிரித்த பொடி எழுத்துப் பக்கம், ‘எழுத்து’ போன்ற சிற்றிதழ்களின் பழைய இதழ்கள் எல்லாம் இந்த வகை. படத்தில் எழுத்துருவை மாற்ற முடியாது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கணினி அச்சு செய்த கோப்புகள் வேறொரு சங்கடம். பார்க்கத் தமிழாக இருக்கும். எழுத்தை மட்டும் பிரித்தெடுத்து வேறு கோப்பாக்க முயன்றால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகச் சிதறிப்போகும். இவற்றையெல்லாம் உள்ளது உள்ளபடிதான் படித்தாகவேண்டும்.

ஆறுதலான செய்தியும் உண்டு. தமிழ்ப் பதிப்பாளர்கள் அதிகம் பயன்படுத்தும் டெமி 1/8 அளவு ஏறத்தாழ 14 செ.மீ. அகலமும் 21.5 செ.மீ. உயரமும் கொண்டது. 10.3 அங்குலத் திரை 15.7 செ.மீ.க்கு 21 செ.மீ. ஆக, டெமி அளவில் வந்த நூலின் ஸ்கேன் அந்தத் திரையில் ஏறத்தாழ அச்சில் இருந்த அளவிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதைவிடச் சிறிய கிரவுன் 1/8 நூலுக்கு, ஓரத்தை வெட்டிவிட்டால், 7.8 அங்குலத் திரையே போதும். பழந்தமிழ் நூல் தேடிப் படிப்பவருக்கு 13.3 அங்குலம் அவசியமில்லை என்பது என் முடிவு. ஏ4 ஆய்வுக்கட்டுரையும் அரசு அறிக்கையும் நாள்தோறும் புரட்டுபவருக்குத்தான் அந்தப் பெரிய அளவு.

ஐபேடு போன்ற பலகைக் கணினியும் பெரிய திரைதானே, பிறகு எதற்கு இந்தக் கருவி என்ற கேள்வி நியாயமானது. வேறுபாடு திரைக்குள் இருக்கிறது. மின்னூல் வாசிப்பானில் இருப்பது மின்மைத் திரை. அதில் மயிரிழைப் பருமனே உள்ள எண்ணற்ற நுண்குமிழ்கள் பரப்பப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிந்த எண்ணெய் போன்ற திரவம். அதில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடு, நம் சுவர்ப் பெயின்டுக்கு வெண்மை தருவதும் அதுதான். கறுப்பு, கரித்தூள். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னேற்றம். அடியிலுள்ள மின்முனைகளில் 15 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு நிறத் துகள்கள் மேலே ஏறும், மற்றவை கீழே இறங்கும். கறுப்பு மேலே வந்த இடம் எழுத்தாகிறது. மின்சாரத்தை நிறுத்தினாலும் துகள்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். பக்கத்தை மாற்றும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் செலவாவதால் பேட்டரி வாரக்கணக்கில் தாங்குகிறது. திரை தானாக ஒளிர்வதில்லை. தாளைப் போலச் சுற்றியுள்ள வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. பலகைக் கணினியின் திரை உச்சி வெயிலில் மங்கும், இது இன்னும் தெளிவாகும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் பேராசிரியர் ஜோசப் ஜேக்கப்சனும், அங்கே இளநிலைப் பட்டம் படித்துக்கொண்டிருந்த பாரெட் கோமிஸ்கி, ஜே.டி. ஆல்பர்ட் என்ற இருவரும் சேர்ந்து உருவாக்கியது இந்த மின்மை. 1997இல் ஈ இங்க் நிறுவனம் தொடங்கியது. 2009இல் தைவானின் பிரைம் வியூ இன்டர்நேஷனல் அதை வாங்கியது. இன்று சந்தையில் எந்தப் பெயரில் வாசிப்பான் வாங்கினாலும் உள்ளே இருக்கும் திரை பெரும்பாலும் ஈ இங்க் நிறுவனத்துடையதுதான்.

பெரிய திரையின் நன்மையும் குறையும் முதன்முதலாகப் பலர் கண்முன் சோதனைக்கு வந்தது 2009இல். அமேசான் 9.7 அங்குலத் திரையோடு கிண்டில் டிஎக்ஸ் கருவியை 489 டாலருக்கு வெளியிட்டது. பாடப்புத்தகச் சுமையைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் பிரின்ஸ்டன், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட சில இடங்களில் மாணவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிரின்ஸ்டனில் பங்கேற்றவர்கள் அச்செடுக்கும் தாள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் மாணவர்கள் படிக்கும் விதத்துக்கு அந்தக் கருவி ஈடுகொடுக்கவில்லை. வரியில் கோடு போட, ஓரத்தில் குறிப்பு எழுத, நாற்பது பக்கம் பின்னால் போய் ஒன்றைச் சரிபார்த்துத் திரும்ப அவர்களுக்குத் தாள்தான் வேகமாக இருந்தது.

இன்னொரு குறை இதைவிடக் கனமானது. டிஎக்ஸ் நூலை உரக்கப் படித்துக்காட்டும், ஆனால் நூலைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைப் படித்துக்காட்டாது. பார்வையற்ற மாணவர் யாருடைய உதவியும் இல்லாமல் அந்த வசதியை எட்டவே முடியாது. பார்வையற்றோர் அமைப்புகள் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குத் தொடுத்தன. 2010 ஜனவரியில் அது சமரசத்தில் முடிந்தது. படிக்கும் கருவி என்று ஒன்றைச் செய்பவர்கள் இந்த வழக்கை மறக்கக்கூடாது. நம்முடைய ஸ்கேன் நூல்களுக்கும் இது பொருந்தும். பக்கம் வெறும் படமாக இருக்கும்வரை, திரை எவ்வளவு பெரிதானாலும் எந்தக் கருவியாலும் அதை அப்படியே வாசித்துக்காட்ட முடியாது. தமிழ் எழுத்தை அடையாளம் கண்டு உரையாக மாற்றும் வேலை இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது.

ஓரத்தில் எழுத முடியாத குறையைப் பின்னால் வந்த கருவிகள் தீர்த்துவிட்டன என்றே சொல்லவேண்டும். சோனி 13.3 அங்குலத் திரையோடு கொண்டுவந்த டிபிடி எஸ்1, நார்வேயின் ரீமார்க்கபிள், கோபோ எலிப்சா, 2022இல் வந்த கிண்டில் ஸ்கிரைப் எல்லாவற்றிலும் பேனா உண்டு. ரீமார்க்கபிளின் இரண்டாம் கருவியில் பேனா நகர்வதற்கும் கோடு தெரிவதற்கும் இடைவெளி 21 மில்லிவினாடி என்று அந்நிறுவனம் சொல்கிறது. இந்த வேகத்தில் கை தடுமாறாது. மெய்ப்புத் திருத்துபவர், விடைத்தாள் பார்க்கும் ஆசிரியர், ஆய்வேட்டை வரிவரியாகப் படிக்கும் வழிகாட்டி ஆகியோருக்கு இந்தக் கருவியின் உண்மையான மதிப்பு இந்தப் பேனாவில்தான் இருக்கிறது. ஸ்கேன் செய்த பழைய நூலின் ஓரத்தில் பாடபேதம் குறித்து வைக்கலாம், மூலக்கோப்புக்கு எதுவும் ஆகாது.

புரட்டும் வேகம் மட்டும் இன்னும் தீரவில்லை. துகள்கள் திரவத்தில் நீந்தி இடம் மாறவேண்டும் என்பதால், சாம்பல் நிற அடுக்குகளோடு ஒரு பக்கத்தைச் சுத்தமாக வரைய ஏறத்தாழ அரை வினாடி ஆகும். அவசரப்படுத்தினால் முந்தைய பக்கத்தின் நிழல் மங்கலாகத் தங்கிவிடும். அதை அழிக்க அவ்வப்போது திரை முழுவதும் கறுத்து வெளுக்கும். 6 அங்குலத்தில் கண் பொறுத்துக்கொள்ளும் அந்தச் சிமிட்டல், 13 அங்குலத்தில் முகத்துக்கு நேரே அடிப்பதுபோல இருக்கும். நூறு மெகாபைட் ஸ்கேன் கோப்பைத் திறந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு பக்கமும் பெரிய படம். இந்தக் கருவிகளின் செயலியோ எளியது. பொருளடக்கத்துக்குத் தாவ, அகராதியில் சொல் தேட, நான்கு பக்கத்தை விரல் இடுக்கில் வைத்துக்கொண்டு ஒப்பிட அச்சுப் புத்தகமே இன்றும் வசதி. வரிசையாகப் படித்துக்கொண்டு போகத்தான் இந்தத் திரை.

எடையையும் சொல்லவேண்டும். 6 அங்குலக் கருவி 200 கிராமுக்குள் அடங்கும், படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடித்துப் படிக்கலாம். கிண்டில் டிஎக்ஸ் அரைக் கிலோவைத் தாண்டியது. 2022இல் வந்த ஸ்கிரைப் 433 கிராம். இவற்றை மேசையிலோ மடியிலோ வைத்துத்தான் நெடுநேரம் படிக்க முடியும், கூட்டமான பேருந்தில் நின்றுகொண்டு படிக்க இயலாது. திரையின் அடிப்பாகம் பெரும்பாலும் மெல்லிய கண்ணாடி. பரப்பு கூடக்கூட உடையும் ஆபத்தும் கூடும். உடைந்தால் திரையை மாற்றும் செலவு புதுக்கருவியின் விலையை நெருங்கிவிடும். சோனி தன் 13.3 அங்குலக் கருவியில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தியது. 2017இல் வந்த அதன் அடுத்த கருவி, அத்தனை பெரிய திரையோடும் 349 கிராம்தான். அன்றைய விலை 699 டாலர்! பெரிய தகட்டில் ஒரு மூலையில் பழுது இருந்தாலும் முழுத் தகடும் கழிவு. வாங்குபவர்களும் குறைவு. ஆகவே விலை திரையின் பரப்பைவிட வேகமாக ஏறுகிறது.

முன்விளக்கும் பெரிய திரையில் எளிதல்ல. விளிம்பிலுள்ள சிறு விளக்குகளின் ஒளியை மெல்லிய படலம் ஒன்று திரைமேல் பரப்பவேண்டும். பரப்பு பெரிதானால் ஓரம் பளிச்சென்றும் நடு மங்கியும் தெரியும். 2022இன் ஸ்கிரைப் கருவியில் இதற்கென்றே 35 விளக்குகள். சோனி, ரீமார்க்கபிள் இரண்டும் முதல் கருவிகளில் முன்விளக்கையே விட்டுவிட்டன. இரவில் படிப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே வாங்கவேண்டும். மின்மைத் திரையின் வெள்ளை நல்ல தாளின் வெள்ளைக்கு இணையாகாது, சற்றே சாம்பல் கலந்தது. மங்கலான அறையில் அது உறுத்தும். வண்ணத் திரைகளும் வந்திருக்கின்றன. கெலிடோ 3 வகையில் கறுப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி நுணுக்கத்தில் தெரியும். வண்ணமோ 150தான், அதோடு பின்னணியும் இன்னும் கறுத்துப்போகிறது. வரைபடமும் வண்ணக் குறிப்பும் முக்கியமானவர்களைத் தவிர மற்றவர்களுக்குக் கறுப்பு வெள்ளையே நல்லது.

பார்வை குறைந்த முதியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இபப் நூலுக்குச் சின்னத் திரை போதும் என்றேன். அவர்கள் விஷயம் வேறு. தமிழில் சொற்கள் நீளம். வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டி ஒட்டி ஒரே சொல்லாக நீளும். 6 அங்குலத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு இரண்டு சொல்தான் நிற்கும். இரு ஓரமும் சீராகத் தெரியவேண்டும் என்று கருவி சொற்களை விலக்கி வைக்கும்போது, நடுவில் பெரிய வெள்ளை இடைவெளிகள் விழும். அரை வாக்கியம் படிப்பதற்குள் பக்கம் தீர்ந்துவிடும். 10 அங்குலத் திரையில் அதே பெரிய எழுத்தில் வரிக்கு நாலைந்து சொல் வரும், பக்கத்தில் ஒரு முழுப் பத்தியாவது நிற்கும். கண் மருத்துவம் செய்துகொண்டபின் படிப்பையே விட்டுவிட்ட பெரியவர் வீட்டில் இருந்தால், இந்தக் கருவிக்குச் செலவழிக்கும் பணம் வீண் அல்ல. கைக்கு எடை தெரியாமல் இருக்க, மேசையில் சாய்த்து வைக்கும் ஒரு தாங்கியையும் சேர்த்து வாங்கித் தருவது நல்லது.

வாங்குமுன் செய்யவேண்டிய சோதனை எளிது. நீங்கள் வழக்கமாகப் படிக்கும் ஸ்கேன் நூல் ஒன்றையும், பெரிய ஏ4 கோப்பு ஒன்றையும் நண்பரின் கருவியிலோ கடையில் வைத்திருக்கும் மாதிரியிலோ ஏற்றித் தரச் சொல்லுங்கள். ஓரத்தை வெட்டி, ஐம்பது பக்கம் முன்னும் பின்னும் தாவிப் பாருங்கள். அடிக்குறிப்பில் உள்ள ‘ண்’ தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பேனாவால் ஒரு வரி தமிழில் எழுதிவிட்டு, அந்தக் குறிப்போடு கோப்பைக் கணினிக்கு மாற்ற முடிகிறதா என்றும் கேளுங்கள். சில கருவிகள் அதற்குத் தம் சொந்தச் செயலியையோ மாதச் சந்தாவையோ கேட்கும்.