காலதரும் மருத்துவமனையும்

சாளரத்திற்குப் பழந்தமிழர் இட்ட பெயர்களுள் காலதர் என்பதும் ஒன்று. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. தென்றல், வாடை, கொண்டல், கோடை என நாற்றிசைக் காற்றுக்கும் தனிப்பெயர் வைத்தவர் அவர். வீடு கட்டுவோர் இப்பெயர்களை மறப்பினும் மறக்கலாம். மருத்துவமனை கட்டுவோர் மறத்தல் ஆகாது.

காசநோய் காற்றின் வழியே பரவுவது. நோயாளர் இருமுங்கால் வெளிப்படும் நுண்துளிகள் அடைபட்ட அறையில் நெடுநேரம் மிதக்கும். பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் நிகழ்த்திய ஆய்வொன்று 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1950க்கு முற்பட்ட, உயர்ந்த கூரையும் அகன்ற சாளரங்களும் உடைய அறைகளில் காற்று மணிக்கு 40 முறை மாறியது; புதிய கட்டடங்களில் 17 முறையே. பொறியால் காற்றூட்டும் அறைகளுக்கு வகுத்த அளவோ 12 முறை. மருந்துண்ணாத காசநோயாளருடன் ஒருநாள் தங்குவோருள், பழைய அறையில் நூற்றுக்கு 11 பேரும் பொறியறையில் 39 பேரும் தொற்றுப் பெறுவர் என்று கணித்தனர். விலைமிக்க பொறி விலையில்லாக் காற்றிடம் தோற்றது!

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையில் யான் மூன்று நாள் படுத்திருந்தேன். முகப்பெல்லாம் கண்ணாடி, ஒன்றேனும் திறவாது. ஒருநாள் நண்பகலில் மின்சாரம் நின்றது. எங்களுக்கு விசிறியாக உதவியவை மருந்துச் சீட்டுகளே.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இதற்கு நல்ல பாடம் கண்ணெதிரே உளது. திருமயத்தை அடுத்த இராயவரம் முதலிய ஊர்களில் நகரத்தார் எழுப்பிய பழைய இல்லங்களைக் காண்க. தடித்த சுவர், சுண்ணாம்புச் சாந்து, நடுவே திறந்த முற்றம். முற்றத்தில் சூடேறிய காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பத் தாழ்வாரத்தின் நிழற்காற்று உட்புகும். நோயாளர் கூடங்களையும் இவ்வாறே முற்றத்தைச் சூழ அமைக்கலாம். கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்குதல் வேண்டும். குறுகிய கீழ்ச்சுவரிலும் மேற்சுவரிலும் காலை மாலை வெயில் சிறிதளவே படும். சாளரங்கள் எதிரெதிரே இருத்தல் இன்றியமையாதது. ஒருபுறம் மட்டும் வைப்பின், வாயிலில் நின்றே திரும்பும் விருந்தினன் போலக் காற்று மீண்டுவிடும். கொசுவலை காற்றின் விரைவைத் தடுக்குமாதலின், வலையிடும் சாளரத்தை இன்னும் அகலமாக்கல் நன்று.

சுவருக்கு இம்மாவட்டத்துச் செம்புராங்கல் ஏற்றது. வெட்டும்போது மென்மையாயிருந்து, காற்றுப்பட்டபின் இறுகுவது அதன் இயல்பு. செங்கல்லைப் போலச் சூளையில் இட்டு எரிக்கவேண்டுவதில்லை. எனவே விறகும் புகையும் இல்லை. ஆனால் வெட்டிய குழிகளை அப்படியே விட்டுச் செல்லும் வழக்கத்தை யான் ஏற்கேன். அவற்றை மழைநீர் தேங்கும் குட்டைகளாகத் திருத்துதல் வெட்டியவர் கடன்.

அறுவை அறைக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. அங்கே தூசியும் கிருமியும் வடிகட்டிய காற்றே வேண்டும். அதற்குப் பொறியும் வேண்டும். அப்பொறிக்குரிய மின்சாரத்தில் ஒரு பகுதியைக் கூரைமேல் பதித்த சூரியத் தகடுகள் பகலில் அளிக்கும்.