பின்லாந்தியரின் ஆவிக் குளியல்

நீராடுதல் உடம்பின் அழுக்கைப் போக்குதற்கு மட்டுமே உரியதெனப் பலர் கருதுவர். பல நாட்டு வழக்கங்களையும் ஒப்பு நோக்குவார்க்கோ, அஃது உள்ளத்தையும் ஒழுங்கு செய்யும் ஒரு பயிற்சியாகவே தோன்றும். ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள பின்லாந்து தேயத்தாரின் ஆவிக் குளியல் இதற்குத் தக்க சான்றாம். அதனை அவர் 'சவுனா' என்பர். மேற்படிப்பின் பொருட்டு அத்தேயம் செல்லும் நம் மாணவர், அங்குள்ளார் இல்லத்திற்கு விருந்தாகச் செல்லுங்கால் உணவுக்கேயன்றி இக்குளியலுக்கும் அழைக்கப்படுதல் உண்டு. முறை அறியாதார் வீணே நாணுதலும், தம்மையறியாமற் பிறர்க்கு இடர் செய்தலும், சிலபோது தம் உயிர்க்கே ஊறு தேடிக்கொள்ளுதலும் நேரக்கூடும். ஆதலின் அதன் இயல்பையும் முறைகளையும் ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

ஏறக்குறைய 55 லட்சம் மக்கள் வாழும் அந்நாட்டிற் சவுனாக்கள் 30 லட்சத்திற்குக் குறையா என்பர். வீடுகளிலும், அடுக்குமாடிக் கட்டடங்களிலும், ஏரிக்கரைகளிலும், அலுவலகங்களிலும் இவற்றைக் காணலாம். தாம்பெரே நகரிலே 1906-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பொதுச் சவுனா ஒன்று இன்றும் நடைபெற்று வருகின்றது. 2020-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இவ்வழக்கத்தை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது. முற்காலத்திற் பின்லாந்துப் பெண்டிர் மகப்பேற்றிற்குச் சவுனாவையே நாடினர். இறந்தாரைக் கழுவித் தூய்மை செய்ததும் ஆங்கேயாம். வெந்நீரும் வெப்பமும் தூய்மையும் ஒருங்கே வாய்த்த இடம் வேறின்மையே இதற்குக் காரணம். பிறப்பிற்கும் இறப்பிற்கும் உரிய இடமாயிருந்தமையால், தேவாலயத்தில் நடந்துகொள்வதுபோலவே சவுனாவிலும் நடந்துகொள்ளவேண்டும் என்னும் பழமொழி அம்மக்களிடையே வழங்குகின்றது.

சவுனாவாவது மரப்பலகைகளால் அமைந்த ஒரு சிற்றறை. அதன் ஒருபுறத்தே அடுப்பும், அடுப்பின்மேற் கற்குவியலும் உள. மற்றொருபுறத்தே படிப்படியாக உயர்ந்த மர இருக்கைகள் உள. கற்கள் நன்கு காய்ந்தபின் அகப்பையால் நீரை முகந்து அவற்றின்மேல் ஊற்றுவர். அப்பொழுது எழும் ஆவியை 'லோய்லு' என்பர். இச்சொல் பண்டு உயிர் என்னும் பொருளையும் தந்தது. பின்னிய மொழிக்கு உறவான அங்கேரிய மொழியில் இதன் இனச்சொல் இன்றும் ஆன்மாவையே குறிக்கின்றது. நம் தமிழிலும் 'ஆவி' என்னும் ஒரே சொல் நீராவியையும் உயிரையும் உணர்த்துதல் எண்ணி மகிழ்தற்குரியது.

சவுனாவின் காற்று பெரும்பாலும் சென்டிகிரேட் 70 முதல் 100 பாகை வரை வெப்பமுடையது. அத்துணைச் சூடான நீர் மேனியிற் பட்டால் தோல் வெந்துபோம். காற்று அங்ஙனம் செய்யாமைக்குக் காரணம் இரண்டு: உலர்ந்த காற்று நீரைப்போல விரைவில் வெப்பத்தை உடம்பிற் செலுத்தாது, அன்றியும், வியர்வை உலருந்தோறும் உடம்பின் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். கல்லின்மேல் நீர் ஊற்றியவுடன் நிலைமை மாறுகின்றது. காற்றில் ஈரம் மிகுதலால் வியர்வை உலருதல் தடைப்படுகின்றது. ஆவியும் மேனியிற் படிந்து நீராகித் தன்னுள் அடங்கிய வெப்பத்தை அங்கே விடுகின்றது. வெப்பமானி பெரிதும் உயராதிருப்பினும், இருப்பார்க்கு அனல் வீசியதுபோலத் தோன்றும். சவுனா ஒழுக்கங்கள் பலவற்றிற்கும் அடிப்படை இதுவேயாம்.

முதலாவது, உள்ளே புகுமுன் உடம்பைக் கழுவிக்கொள்ளல் வேண்டும். நறுமணத் தைலங்களைப் பூசிச் செல்லலாகாது. உலோக அணிகள் சுட்டுவிடுமாதலின் கழற்றி வைத்தல் நலம். பின்லாந்தியர் ஆடையின்றியே நீராடுவர். பொதுவிடங்களில் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனி அறைகளோ வேளைகளோ உண்டு. இதனை நாணமின்மை என்று இகழ்தல் தவறு; பிறர் மேனியை உற்று நோக்காமையே அவர்தம் நாகரிகம். விரும்புவோர் துண்டு உடுத்திருப்பினும் எவரும் குறை கூறார். நீச்சற்குளத்தின் மருந்து கலந்த நீர் தோய்ந்த உடையோடு புகுதலைப் பல நீச்சற்குளச் சவுனாக்கள் விலக்குகின்றன. ஆணும் பெண்ணும் கூடியிருக்கும் இடங்களிலோ நீச்சலுடை வேண்டப்படும். ஆதலின் அவ்வவ்விடத்து விதியை முன்னரே கேட்டறிக. எங்ஙனமாயினும், இருக்கையின்மேல் ஒரு சிறு துண்டை விரித்தே அமர்தல் வேண்டும். தன் வியர்வை பிறர்மேற் படாமற் காத்தல் தூய்மையும் ஆம், மரியாதையும் ஆம்.

இரண்டாவது, கதவை விரைந்து திறந்து விரைந்து மூடுக. வெப்பம் மேலே திரளுமாதலின், புதியோர் கீழ்ப்படியில் அமர்க. அகப்பையைத் தொடுமுன், "நீர் ஊற்றலாமா?" என்று உடனிருப்பாரைக் கேட்டல் கடன், ஒருவர் ஊற்றும் நீரின் அனலை அனைவரும் தாங்கவேண்டுமன்றோ? உரக்கப் பேசுதலும் வழக்கிடுதலும் தகா. பட்டமும் பதவியும் ஆடையோடு வெளியே நின்றுவிடும். முதலாளியும் தொழிலாளியும் ஒரே பலகையில் அமர்வர்.

மூன்றாவது, தன் அளவறிதல். தலை சுழலினும், நெஞ்சு படபடப்பினும் உடனே வெளியேறுக. அதனை இழுக்கென எவரும் எண்ணார். பின்லாந்திலே ஆண்டுதோறும் நடைபெற்றுவந்த சவுனாப் போட்டியொன்றில், 2010-ஆம் ஆண்டில் 110 பாகை வெப்பத்தில் இறுதிவரை இருந்த இருவருள் ஒருவர் இறந்தார். மற்றவர் கடுந்தீப்புண் பட்டார். அப்போட்டி அதனோடு ஒழிந்தது. மது அருந்திச் சவுனா புகுதல் பெருந்தீங்கு. அண்மையில் மாரடைப்புற்றோரும், இதயநோய் தணியாதோரும், காய்ச்சலுடையோரும் விலகுதல் வேண்டும். கருவுற்றோர் மருத்துவரை வினாவியே முடிவு செய்க. இடையிடையே வெளியே வந்து குளிர்ந்து, வேண்டுமளவு நீர் பருகுக. பனியிலும் உறைகுளிர் ஏரியிலும் பாய்தல் அந்நாட்டார்க்குப் பழக்கம். புதியோர் அதனைத் திடீரென மேற்கொள்ளலாகாது.

இம்முறைகளை எண்ணிப் பார்ப்பின், தன்னைத் தூய்மையாக்கிக்கொள்ளல், அயலார் நலம் கருதல், தன் எல்லையை உணர்தல் என்னும் மூன்றனுள் அனைத்தும் அடங்கும். ஒரு சிற்றறையிற் சிலர் சிறிதுபொழுது கூடியிருத்தற்கு வேண்டிய இவையே, விடுதியிலும் வகுப்பறையிலும் ஊரிலும் பலர் நெடுங்காலம் கூடி வாழ்தற்கும் வேண்டுவன என்பதை நாம் மறவாதிருப்போமாக.