தட்டில் முளைத்ததெல்லாம் நோயல்ல

"ரிப்போர்ட்ல 'ஈ கோலை'ன்னு கிருமி பேரு போட்டிருக்கேம்மா. எனக்குக் காய்ச்சல்கூட இல்லையே!"

எங்கள் ஆய்வகத்து வாசலில் ஒரு பாட்டி கலங்கிப்போய் நின்றார். கையில் சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட். முந்தின நாள் அதற்குக் கிருமி வளர்க்கும் தட்டு போட்டவள் நான்தான்.

நுனியில் சின்ன வளையம் உள்ள கம்பியால் சிறுநீரைத் தொட்டெடுப்போம். அந்த வளையத்தில் நிற்பது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைத் தட்டில் இழுத்து, 37 டிகிரி சூட்டில் ஓர் இரவு வைத்தால், காலையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் முளைத்திருக்கும். ஒரு புள்ளி என்பது ஒரு கிருமியின் வம்சம். அதைக் காலனி என்போம். நூறு காலனி இருந்தால், ஒரு மில்லிலிட்டரில் 1,00,000 கிருமி என்று கணக்கு.

கிருமி இருக்கிறது என்பதைத் தட்டு சொல்லும். நோய் இருக்கிறதா என்பதை உடம்புதான் சொல்ல வேண்டும்.

தோலிலும் குடலிலும் தொல்லை தராமல் பாக்டீரியா வாழ்வது குடியிருப்பு. திசுவுக்குள் புகுந்து பெருகினால் தொற்று. அதனால் காய்ச்சல், வலி, சீழ் என உடம்பு பாதிக்கப்பட்டால்தான் நோய். காசநோய்க் கிருமி தொற்றியவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கே வாழ்நாளில் நோய் வருகிறது. கிருமி புகுந்த நாளுக்கும் முதல் அறிகுறிக்கும் இடைப்பட்டது நோயரும்பும் காலம். டைபாய்டுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம். தொற்றை எதிர்க்கும் உடம்பு நிலைதடுமாறி, தன் உறுப்புகளையே பழுதாக்கிக்கொள்வது செப்சிஸ். அதற்குச் சிகிச்சை தர ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பாட்டியிடம் டாக்டர் கேட்டார்: "எரிச்சல் இருக்கா? அடிக்கடி போகுதா? குளிர் காய்ச்சல்?" எதுவும் இல்லை. மாத்திரை எழுதவில்லை. கர்ப்பிணியாக இருந்தால் அறிகுறி இல்லாவிட்டாலும் மருந்து தருவார்கள், பாட்டிக்குத் தேவைப்படவில்லை.

ரிப்போர்ட்டின் கீழே மருந்துப் பெயர்கள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் 'எஸ்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி மடங்கும். 'ஆர்' என்றால் மடங்காது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அபூர்வமாக அடித்த 'ஆர்', இன்று பக்கத்துக்குப் பக்கம் நிற்கிறது. தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் மடங்காத கிருமிக்கு இடம் விட்டுக்கொடுக்கிறது.

தயவுசெய்து, ரிப்போர்ட்டோடு நேரே மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். பாட்டி அன்று விழுங்காத மாத்திரை, நாளை அவருக்கு நிஜமாகவே நீர்க்கடுப்பு வந்தால் வேலை செய்ய வேண்டும்.