தென்முனைக் கடலடியின் நிலவரலாறும் கடல்கோள் கருத்தும்: நில அதிர்வுத் தரவுகளின் வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

குமரிக்குத் தெற்கே பெருநிலப்பரப்பு ஒன்று கடல்கொள்ளப்பட்டு மறைந்தது என்னும் கருத்து தமிழாய்வில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. தென்னிந்தியாவோடு முன்னர் இணைந்திருந்த நிலங்கள் எவ்வாறு, எப்போது பிரிந்தன என்பதைத் தென்முனைக் கடலடியில் திரட்டப்பட்ட நில அதிர்வுத் தரவுகள் காட்டுகின்றன. அத்தரவுகள் பெறப்படும் முறையையும் அவை தரும் காலவரிசையையும், விருதுநகர் மாவட்டப் பாறைகளைத் தொடக்கமாகக் கொண்டு, இக்கட்டுரை விளக்குகிறது. பிரிந்து அகன்ற நிலம், ஆழ்கடலில் அமிழ்ந்த நிலத்துண்டு, கடல்மட்ட உயர்வால் மூழ்கிய கரை ஆகிய மூன்றும் வெவ்வேறு காலத்தன என்பது இதன் முடிபாகும்.

திறவுச் சொற்கள்: கடல்கோள், கோண்டுவானா, நில அதிர்வு எதிரொலிப்பு, பிரிட்ஸ் வளைகுடா, ஈலன் திட்டு, வைப்பாறு.

முன்னுரை

இறையனார் களவியல் உரை முச்சங்க வரலாற்றைக் கூறுமிடத்துக் கடல்கோளைச் சுட்டுகிறது. பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே எழுநூற்றுக் காவதப் பரப்பும் நாற்பத்தொன்பது நாடுகளும் கடல்கொள்ளப்பட்டன என்பது சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் தரும் செய்தி. 1864இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட விலங்கின ஒற்றுமையை விளக்க 'லெமூரியா' என்னும் நிலத்தைக் கருதுகோளாக முன்வைத்தார். பின்வந்தோர் சிலர் உரைச் செய்தியையும் இக்கருதுகோளையும் ஒன்றெனக் கொண்டனர். ஸ்கிளேட்டர் எழுதிய காலத்தில் ஆழ்கடலடியின் அமைப்பு அறியப்படவில்லை. கண்டங்கள் நகர்கின்றன என்னும் கொள்கையும் தோன்றவில்லை. இன்று இரண்டும் அறியப்பட்டுள்ளமையால், இவ்விணைப்பை மீளாய்வு செய்தல் தேவையாகிறது.

1. விருதுநகர்ப் பாறைகளும் அவற்றின் உறவும்

விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் மண்ணுக்கு அடியில் சார்னோக்கைட்டு, நைஸ், படிகச் சுண்ணாம்புக்கல் முதலிய உருமாறிய பாறைகள் அமைந்துள்ளன. பந்தல்குடிப் பகுதியில் சிமெண்டுக்காக வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல் இவ்வகையினது. புவியியலார் இப்பரப்பை 'மதுரைப் பாறைத்தொகுதி' என்பதன் பகுதியாகக் கொள்வர். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுகூடிய காலத்தில், இப்பாறைகள் புவியின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டன.

இக்காலத்தையும் இயல்பையும் ஒத்த பாறைகள் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் கிழக்கு அண்டார்க்டிகாவின் லூட்சோ–ஹோல்ம் வளைகுடாப் பகுதியிலும் காணப்படுகின்றன. ஆகவே தென்தமிழ்நாட்டின் பழைய நில உறவு இலங்கை வழியாகத் தென்முனை வரை நீள்கிறது. எனினும், கரைப்பாறைகள் உறவை மட்டுமே காட்டும். பிரிவின் காலமும் முறையும் இடையிலுள்ள கடலடியிலேயே பதிந்துள்ளன.

2. ஒலியால் கடலடியை அறியும் முறை

சிவகாசி வட்டாரத்தில் தொலைவில் வாணவெடி வெடிக்கும்போது ஒளி உடனே தெரியும். ஓசை பிந்திக் கேட்கும். இடைவெளி 3 விநாடியாயின் வெடி ஏறத்தாழ 1 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது எனக் கணிக்கலாம். ஓசையின் பயணக் காலத்தைத் தொலைவாக மாற்றும் இக்கணக்கே நில அதிர்வு ஆய்வின் அடிப்படை. 1935இல் மோரிஸ் யூவிங் அமெரிக்காவின் கிழக்குக் கரையையொட்டிய அட்லாண்டிக் கடலில் வெடிமருந்தை வெடிக்கச் செய்தே கடலடியை ஆய்ந்தார். இன்று பெரும்பாலும் அழுத்தப்பட்ட காற்றைத் திடீரென நீருக்குள் வெளியேற்றும் கருவி பயன்படுகிறது. கப்பலின் பின்னே இழுக்கப்படும் நீண்ட வடத்திலுள்ள ஒலிவாங்கிகள், கடலடியிலிருந்தும் அதன் கீழுள்ள ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் திரும்பும் எதிரொலியைப் பதிவு செய்கின்றன.

கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். எதிரொலி 4 விநாடியில் திரும்பினால், போக்குக்கு 2 விநாடி, வரவுக்கு 2 விநாடி எனக் கொண்டு, கடலின் ஆழம் 3,000 மீட்டர் எனப் பெறப்படும். அடுக்குகளின் ஊடே வளைந்து சென்று மீளும் அலைகளைக் கொண்டு பாறையின் இயல்பையும் உணரலாம். இளகிய படிவுகளில் அலையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். கடலடியின் பசால்ட்டு வகைப் பாறைகளில் அது 5 முதல் 7 கிலோமீட்டர் வரை. மேலோட்டுக்குக் கீழ் 8 கிலோமீட்டர். கடல்சார் மேலோடு பொதுவாக 7 கிலோமீட்டர் தடிப்பும், கண்டமேலோடு 30 முதல் 40 கிலோமீட்டர் தடிப்பும் உடையவை. எனவே நீருக்கடியில் உள்ளது கடல்தரையா, அமிழ்ந்த கண்டமா என்பதை வேகமும் தடிப்பும் வேறுபடுத்திக் காட்டும்.

தென்முனையில் இப்பணி எளிதன்று. மிதக்கும் பனிக்கட்டிகளிடையே நீண்ட வடத்தை இழுக்க இயலாது, கோடைக்காலமும் குறுகியது. மேலும், அலைப்பதிவு அடுக்குகளின் முறைவைப்பைத் தருமேயன்றி ஆண்டுக்கணக்கைத் தராது. அது காலக்குறிப்பு இல்லாத ஓலைச்சுவடியை ஒத்தது. துளையிட்டு எடுக்கப்படும் பாறையும் அதிலுள்ள நுண்ணுயிர்ப் புதைபடிவங்களுமே அச்சுவடிக்குக் காலம் குறிக்கின்றன.

3. தென்முனைக் கடலடி தரும் வரலாறு

இந்தியாவின் கிழக்குக் கரைக்கு இணையாக முன்பு அமைந்திருந்தது, எண்டர்பி நிலம் முதல் பிரிட்ஸ் வளைகுடா வரையிலான அண்டார்க்டிகக் கரையாகும். இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் 2012 முதல் இவ்வளைகுடாக் கரையிலுள்ள லார்ஸ்மன் குன்றுகளில் இயங்குகிறது. எண்டர்பிக் கடற்படுகையின் நில அதிர்வு வெட்டுமுகங்கள், மெலிந்து இழுபட்ட கண்டமேலோடு படிப்படியாகக் கடல்சார் மேலோட்டுக்கு இடந்தருவதைக் காட்டுகின்றன. காந்தப் பதிவுகளோடு இணைத்துக் காணும்போது, இப்பிரிவு ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தமை புலனாகிறது.

இப்பிரிவின்போது ஒரு துண்டு இடையில் தங்கியது. கெர்கேலன் மேட்டுநிலத்தை ஒட்டிய ஈலன் திட்டின் அடியில் கண்டமேலோட்டுக்குரிய அலைவேகங்கள் பதிவாயின. 1998–99இல் கடலடித் துளையிடல் திட்டத்தின் 183ஆம் பயணம் அங்குத் துளையிட்டபோது, பழைய ஆற்றுப்படிவில் கார்னெட் கலந்த நைஸ் கற்கள் கிடைத்தன. இத்திட்டு இந்தியக் கிழக்குக் கரையிலிருந்து பிரிந்த நிலத்துண்டு என்பது இன்றைய விளக்கம். அமிழ்ந்த கண்டத்துண்டு என்பது வெறுங்கற்பனையன்று என இதனால் தெளியலாம்; ஆயின் அது குமரியை அடுத்து இல்லை, தென்முனைக் கடலில் உள்ளது.

பிரிட்ஸ் வளைகுடாவின் வெட்டுமுகங்கள் பிற்கால வரலாற்றையும் கூறுகின்றன. கடல்நோக்கிச் சரிந்த அடுக்குகள் மேற்புறத்தில் சீவப்பட்டதுபோல் வெட்டுண்டு கிடக்கின்றன. கண்டத்திட்டு கரையை நோக்கி ஆழமாகிறது. இரண்டும் பனியாறு கடலடியைத் தேய்த்து முன்னேறியதன் சுவடுகள். 1988இல் 119ஆம் பயணமும் 2000இல் 188ஆம் பயணமும் அங்குத் துளையிட்டன. பனிப்படிவுகளுக்கு அடியில், தாவர எச்சங்கள் கொண்ட பழைய படிவுகள் வெளிப்பட்டன. அண்டார்க்டிகாவைப் பெரும்பனி மூடியது ஏறத்தாழ 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே. அதற்கு முன் அங்குச் செடிகொடிகள் வளர்ந்திருந்தன.

4. மூன்று காலங்கள்

மேற்கண்டவற்றால் மூன்று நிகழ்வுகளை வேறுபடுத்தலாம். முதலாவது, 13 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பிரிவு. இதில் நிலம் மூழ்கவில்லை, அகன்றது. இரண்டாவது, ஈலன் திட்டுப் போன்ற துண்டுகள் அமிழ்ந்தமை. இதுவும் கோடி ஆண்டுகளால் எண்ணப்படுவது. மனித இனத்தின் வயதோ ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள். எனவே இவ்விரண்டும் எந்த மொழியின் நினைவிலும் இடம்பெற்றிருக்க இயலாது.

மூன்றாவது மனிதர் கண்டது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைய நிலைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடைய பாக் விரிகுடா அன்று நிலமாக இருந்தது. பனி உருகக் கடல் ஏறியது, கரைகள் மூழ்கின. கடல்கோள் மரபுக்கு நிலவியல் அடிப்படை தேடுவோர் நோக்கத்தக்க காலம் இதுவே. அடியார்க்குநல்லார் கூறும் பரப்பை இம்மூழ்கிய கரை நிரப்பாது. எனினும், கரையிழப்பு பற்றிய செய்தி ஒன்று மரபில் வளர்ந்து விரிந்திருக்கக்கூடும் என்னும் வாய்ப்பை அது மறுப்பதுமில்லை.

முடிவுரை

தென்முனைக் கடலடித் தரவுகள் தமிழ்நிலத்தின் தொன்மையைக் குறைக்கவில்லை. அதன் எல்லையைத் தெளிவாக்குகின்றன. விருதுநகர்ப் பாறைகளின் உறவு பனிக்கடியில் உள்ளது. அவ்வுறவுக்கும் சங்க மரபுக்கும் தொடர்பில்லை. மூழ்கிய கரையைத் தேடுவதற்குரிய இடம் ஆழ்கடலன்று, மன்னார் வளைகுடாவின் ஆழங்குறைந்த கண்டத்திட்டே. சாத்தூரைக் கடந்து அவ்வளைகுடாவில் கலக்கும் வைப்பாறு, கடல் தாழ்ந்திருந்த காலத்தில் இன்றைய முகத்துவாரத்துக்கு அப்பாலும் ஓடியிருக்க வேண்டும். படிவுகளில் புதையுண்ட அத்தகைய ஆற்றுத்தடங்களை நுண்ணிய நில அதிர்வுப் பதிவுகளால் கண்டறிய இயலும். உரைமரபை ஆய்வோரும் கடலியலாரும் ஒருங்கே பணியாற்ற வேண்டிய களம் அதுவாகும்.